விமானக் கொட்டகைக்குக் கதவு: வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்தாரின் கேள்விகளும் பதில்களும்

அப்துல்லாபுரம் விமானத்தளத்தில் புதுப்பிப்பு வேலைகள் தொடங்கிய காலத்திலிருந்தே, சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர்களும் வாங்க எண்ணுபவர்களும் ஹேங்கர் என்னும் விமானக் கொட்டகையைப் பற்றி என்னிடம் கேட்டு வருகிறார்கள். இரும்புக் கட்டமைப்பு வடிவமைப்பு என் தொழில். கிடங்குகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் பெரிய கதவுகள் செய்து பழகியவன். கேட்பவர்களில் பெரும்பாலோர் கூரையைப் பற்றியும் தரையைப் பற்றியும் விரிவாக விசாரித்துவிட்டு, கதவைக் கடைசியில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அதனால் கதவுக்கு மட்டும் இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன்.

முதலில் கொட்டகையைக் கட்டிவிடலாம், கதவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். சரிதானா?

சரியல்ல. மற்றக் கட்டடங்களில் கதவு என்பது சுவரில் விட்ட திறப்பை மூடும் பொருள். விமானக் கொட்டகையிலோ ஒரு பக்கச் சுவர் முழுவதுமே கதவு. அதன் எடையையும் அதன்மேல் மோதும் காற்றையும் தாங்குவதற்கு அந்தப் பக்கத்தில் நடுத்தூண் வைக்க வழியில்லை. எல்லாப் பளுவும் திறப்பின் மேலே ஓடும் உத்தரத்துக்கும் இரு ஓரத் தூண்களுக்குமே போகிறது. ஆகவே கதவின் வகை, எடை, அது தொங்கும் அல்லது தள்ளும் புள்ளிகள் ஆகியவை முடிவான பிறகே சட்டகத்தை வரைய வேண்டும்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 12 மீட்டர் அகலத் திறப்புள்ள ஒரு கிடங்கில் கூரைப் பளுவுக்கு மட்டும் கணக்கிட்டு உத்தரம் போட்டிருந்தார்கள். பிறகு உரிமையாளர் மேல்நோக்கி மடியும் கதவை விரும்பினார். ஒன்றரை டன் எடையை அதே உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். மாட்டிய அன்றே நடுப்பகுதி தொய்ந்து, கதவின் கீழ்ச்சட்டம் தரையை உரசியது. ஓரங்களில் இரண்டு விரல் இடைவெளி, நடுவில் சிமெண்டில் கீறல். முட்டுத்தூண் கொடுத்தால் வண்டி நுழையாது என்பதால், உத்தரத்துக்கு மேலே ஒரு டிரஸ், அதாவது முக்கோணங்களாகப் பின்னிய இரும்புச் சட்டம், வைத்து வெல்டிங் செய்துதான் அதை நிமிர்த்த முடிந்தது. அந்தச் செலவில் தொடக்கத்திலேயே சரியான உத்தரம் போட்டிருக்கலாம்.

திறப்பின் அகலத்தையும் உயரத்தையும் எப்படி முடிவு செய்வது?

விமானத்தின் இறக்கை விரிப்பிலிருந்து தொடங்க வேண்டும். செஸ்னா 172 விமானத்துக்கு இறக்கை விரிப்பு 11 மீட்டர், வால் உயரம் 2.72 மீட்டர். இரு பக்கமும் ஒரு மீட்டராவது விட்டால் 13 மீட்டர் அகலம் வேண்டும். ஆட்கள் கையால் தள்ளி உள்ளே விடும்போது இறக்கை நுனியைக் கவனிக்க ஒருவர் ஒரு பக்கம்தான் நிற்க முடியும் என்பதை நினைவில் கொண்டால், அந்த ஒரு மீட்டர் தாராளமல்ல என்பது விளங்கும். இரட்டை எஞ்சின் கிங் ஏர் பி200 விமானத்துக்கு விரிப்பு 16.6 மீட்டர், வால் உயரம் 4.57 மீட்டர். பின்னாளில் அந்த அளவுக்குப் போகும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் இன்றே சொல்லிவிடுங்கள். திறப்பைப் பிறகு அகலப்படுத்துவது கொட்டகையைப் பிரித்துக் கட்டுவதற்குச் சமம்.

உயரத்தில் பலர் தவறுவது வேறொரு காரணத்தால். விமானக் கையேட்டில் கொடுத்திருக்கும் வால் உயரம், சமதரையில், சக்கரங்களில் காற்றழுத்தம் சரியாக உள்ள நிலையில் அளந்தது. மூக்குச் சக்கரத்தின் ஸ்டிரட் என்னும் அதிர்வு தாங்கும் கால் இறங்கியிருந்தால் மூக்கு தாழும், வால் மேலே எழும். மழைநீர் உள்ளே வராமல் இருக்க வாசலில் வெளிப்புறமாகச் சரிவு விட்டிருப்போம். அந்தச் சரிவை மூக்குச் சக்கரமும் பின்சக்கரங்களும் வெவ்வேறு கணத்தில் கடக்கும்போதும் வால் சில அங்குலம் ஏறும். செஸ்னா 172-க்கு, கதவு முழுவதும் திறந்த நிலையில், தடையில்லா உயரம் 3.6 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும் என்பது என் கருத்து. மின்விளக்கோ கேமராவோ அந்தத் திறப்புக்குள் தொங்கக் கூடாது.

எத்தனை வகைக் கதவுகள் உள்ளன? நம் ஊருக்கு எது பொருந்தும்?

தனியார் கொட்டகைக்குப் பொருந்துபவை பெரும்பாலும் மூன்று.

முதலாவது, பக்கவாட்டில் நகரும் ஸ்லைடிங் கதவு. எடையைத் தரையிலுள்ள தண்டவாளம் தாங்குகிறது. மேலே உள்ள வழிகாட்டிச் சேனல் கதவு சாயாமல் பிடித்துக்கொள்கிறது. மோட்டார் இல்லாமலே இயக்கலாம், உள்ளூர்ப் பட்டறையில் செய்யலாம், பழுதானால் ஆங்கிளும் வெல்டிங் ராடும் போதும். இதன் விலை இடத்தில் இருக்கிறது. 14 மீட்டர் திறப்புக்கு மூன்றரை மீட்டர் அகலத்தில் நான்கு இலைகள், அதாவது தனித்தனிக் கதவுப் பலகைகள், வைத்து, பக்கத்துக்கு இரண்டாக இரண்டு தடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுக்கினால், திறப்புக்கு வெளியே இரு பக்கமும் மூன்றரை மீட்டர் காலியிடம் வேண்டும். அந்த இடம் இல்லையென்றால் பாதித் திறப்புதான் கிடைக்கும்.

இரண்டாவது, நடுவில் கீல் வைத்து மேல்நோக்கி மடியும் பைஃபோல்ட் கதவு. வயர் ரோப்போ பட்டையோ கீழ்ச்சட்டத்தைப் பிடித்துத் தூக்க, நடுக்கீல் வெளிப்புறமாகத் துருத்தி, இரண்டு பாதிகளும் மேலே மடிந்து நிற்கும். பக்கவாட்டில் இடம் கேட்பதில்லை. மடிந்த கதவு திறப்பின் மேற்பகுதியை அடைத்துக்கொள்வதால் பொதுவாக ஓர் அடி முதல் ஒன்றரை அடி வரை உயரம் குறையும். உத்தரத்தை அந்த அளவு மேலே ஏற்றிக் கட்ட வேண்டும்.

மூன்றாவது, ஒரே இலையாக வெளிப்புறம் தூக்கும் ஹைட்ராலிக் கதவு. திறந்தால் வாசலுக்கு முன் பந்தல் போட்டது போல் நிழல் விழும். மே மாத வேலூர் வெயிலில் எஞ்சின் மூடியைத் திறந்து வேலை பார்ப்பவருக்கு அதன் அருமை தெரியும். உயர இழப்பும் மிகக் குறைவு. ஆனால் 4 மீட்டர் உயர, 2 டன் எடைக் கதவு கிடைமட்டமாக நிற்கும்போது அதன் எடை மையம் கீலிலிருந்து 2 மீட்டர் வெளியே இருக்கிறது. 4 டன்-மீட்டர் முறுக்கு சட்டகத்தின் மேல் ஏறுகிறது. அந்த நேரம் கீழிருந்து காற்று அடித்தால் நிலை இன்னும் சிக்கலாகும். ஏற்கெனவே நிற்கும் சாதாரணக் கொட்டகையில் இதைப் பொருத்துவது தகாது. கதவுக்கென்றே தனி எஃகு நிலைச்சட்டம் அமைத்து அடித்தளத்தோடு பிணைக்க வேண்டும்.

ஊருக்கு வெளியே இடம் தாராளமாக உள்ள மனைக்கு நான் ஸ்லைடிங் கதவையே சொல்வேன். விமானத்தளத்துக்குள் அளந்து கொடுக்கப்பட்ட மனையில், பக்கத்துக் கொட்டகை ஒட்டி நிற்கும் இடத்தில், பைஃபோல்ட் பொருந்தும்.

கடைகளுக்குப் போடும் ரோலிங் ஷட்டர் போதாதா?

13 மீட்டர் அகலத்துக்குப் போதாது. மெல்லிய பட்டைகள் காற்றில் வில்லாக வளைந்து ஓரச் சேனலிலிருந்து வெளியே வந்துவிடும். நடுவில் கழற்றி மாட்டும் தூண் வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. விமானத்தை அவசரமாக உள்ளே விட வேண்டிய மழை நேரத்தில் அது உதவாது.

காற்றை இவ்வளவு கவனிக்க வேண்டுமா? வேலூர் கடற்கரை ஊர் இல்லையே?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது கடற்கரையில் மட்டும் பிறந்த பழமொழி அல்ல. இங்கே கோடை மாலைகளில் இடியோடு வரும் சூறைக்காற்று, ஆனி ஆடியில் வீசும் மேற்குக் காற்று, ஐப்பசி கார்த்திகையில் வங்கக்கடலிலிருந்து உள்ளே நகரும் புயல்களின் மிச்சம் என மூன்று விதமாகவும் வருகிறது.

இந்தியாவில் கட்டடங்களின் மேல் காற்றுப் பளுவுக்கான விதி ஐ.எஸ். 875, பகுதி 3. இப்போது நடப்பில் உள்ளது 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், பெங்களூருக்கு 33 மீட்டர். நம் வட்டாரம் இந்த இரண்டுக்கும் இடையில் கிடப்பதால், அரக்கோணத்துக்கு ஒரு வேகம், திருப்பத்தூருக்கு வேறு வேகம் என்று வரலாம். விதியிலுள்ள வரைபடத்தில் உங்கள் மனையை வைத்துப் பார்த்தே வேகத்தை எடுக்க வேண்டும். அழுத்தம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்பது கிடைக்கும். 50 மீட்டர் வேகத்துக்கு 1,500 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்குச் சற்று மேல். 13 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் உள்ள கதவின் பரப்பு 52 சதுர மீட்டர். மொத்தத் தள்ளுவிசை ஏறத்தாழ 8 டன். 33 மீட்டர் வேகத்துக்கு அதே கதவில் மூன்றரை டன்தான். நிலத்தின் தன்மை, கட்டட உயரம், வடிவம் ஆகியவற்றுக்கான காரணிகளைச் சேர்க்கும்போது இந்த எண்கள் மாறும். ஆனால் ஒரு வரைபடத்தில் தவறான கட்டத்தைப் பார்த்தால் எவ்வளவு பிசகும் என்பதை இவை காட்டும். மலைச்சரிவுக்கும் அந்த விதியில் தனிக் காரணி உண்டு. சுற்றிலும் குன்றுகள் உள்ள நம் ஊரில் அதை ஒன்று என்று, அதாவது குன்றே இல்லாதது போல, எழுதிக் கடந்துவிடும் பொறியாளரிடம் காரணம் கேளுங்கள்.

கதவு திறந்திருக்கும் நேரமே கூரைக்கு ஆபத்தான நேரம். மூடிய கொட்டகையில் உள்ளழுத்தம் சிறிது. திறப்பு சுவர்ப் பரப்பில் 20 விழுக்காட்டைத் தாண்டினால் உள்ளழுத்தக் கெழுவை, அதாவது காற்றழுத்தத்தில் எத்தனை பங்கு உள்ளே செயல்படும் என்னும் எண்ணை, 0.7 என்று எடுக்கச் சொல்கிறது அதே விதி. வெளியே கூரையை உறிஞ்சும் காற்று, உள்ளே கூரையைத் தள்ளும் காற்று, இரண்டும் ஒரே திசையில் கூடுகின்றன. எனவே கதவு திறந்திருக்கும் நிலைக்கும் கூரையைக் கணக்கிடச் சொல்லுங்கள். மேகம் கறுத்தால் முதல் வேலையாகக் கதவை மூடுங்கள்.

இதோடு தொடர்புடைய இன்னொன்றை வலியுறுத்த வேண்டும். கூரைக் கணக்கில், உத்தரம் தன் நீளத்தில் 240-இல் ஒரு பங்கு வளைவதை வழக்கமாக ஏற்றுக்கொள்கிறோம். 13 மீட்டருக்கு அது 54 மில்லிமீட்டர். காற்று கூரையைத் தூக்கும்போது உத்தரம் மேல்நோக்கியும் வளையும். ஸ்லைடிங் கதவின் மேல் ரோலர் சேனலுக்குள் 30 மில்லிமீட்டர்தான் நுழைந்திருக்கிறது என்றால், அந்தக் கணத்தில் கதவு பிடி இழந்து சாயும். உள்ளே விமானம் நிற்கிறது. மேல் வழிகாட்டியின் ஆழம், உத்தரம் மேலும் கீழும் வளையும் மொத்த அளவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். கதவு வரைபடத்தில் நான் முதலில் தேடும் எண் இதுதான்.

தரைத் தண்டவாளத்தில் மணல் அடைத்துக்கொள்கிறது. என்ன செய்வது?

பாலாற்றை ஒட்டிய ஊர்களில் இது தினசரித் தொல்லை. ஆற்றில் நீர் ஓடாத மாதங்களில் காற்று மணலைத்தான் கொண்டு வருகிறது. தரையில் யூ வடிவச் சேனலைப் பதித்து அதற்குள் சக்கரம் ஓடவிட்டால், ஒரு வாரத்தில் சேனல் நிரம்பும். மழை பெய்தால் மணல் இறுகிக் கல்லாகும். பிறகு கடப்பாரையால் நெம்பித்தான் கதவை நகர்த்த வேண்டியிருக்கும்.

வீட்டு ஸ்லைடிங் கேட்டுக்கு நம் பட்டறைகள் செய்யும் முறை நல்லது: ஆங்கிளைக் கவிழ்த்து, முனை மேலே இருக்கும்படி தரையில் பதித்து, அதன்மேல் வி-பள்ளம் வெட்டிய சக்கரத்தை ஓடவிடுவது. மணல் இரு சரிவிலும் தானே வழிந்துவிடும். ஆனால் அப்படியே விமானக் கொட்டகைக்கு எடுத்துவர முடியாது. 50 மில்லிமீட்டர் ஆங்கிளைக் கவிழ்த்தால் முனை தரைக்கு மேல் 35 மில்லிமீட்டர் நிற்கும். சிறிய மூக்குச் சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கும் காட்சியை மெதுவாகப் பாருங்கள்: நால்வர் தள்ளுகிறார்கள், சக்கரம் முட்டி நிற்கிறது, இன்னும் பலமாகத் தள்ளுகிறார்கள், திடீரென ஏறிக் குதிக்கிறது, மூக்கு தாழ்கிறது, புரொப்பெல்லர் நுனி தரையை நோக்கி இறங்குகிறது. இரண்டு மூன்று தடங்கள் இருந்தால் இரண்டு மூன்று முறை.

ஆகவே ஆங்கிளின் முனை தரைமட்டத்தோடு வரும்படி இறக்கிப் பதித்து, இரு பக்கமும் சக்கர விளிம்புக்கு வேண்டிய அளவு மட்டும் பள்ளம் விட வேண்டும். அந்தப் பள்ளத்திலும் மணல் சேரும். அதற்காக, மூன்று மீட்டருக்கு ஒன்றாக தடத்தின் அடியில் சிறு குழி எடுத்து, மேலே கம்பி வலை மூடி வைத்து, கதவிலேயே சக்கரத்துக்கு முன்னால் கெட்டியான தூரிகை ஒன்றைப் பொருத்தினால், கதவு நகரும்போதே மணலைக் குழிக்குள் தள்ளிவிடும். குழியிலிருந்து மழைநீர் வெளியேற ஒரு குழாயும் வேண்டும்.

சக்கரத்தின் பேரிங் மூடிய வகையாக இருக்கட்டும். கிரீஸைத் தண்டவாளத்தில் தடவாதீர்கள். மணலைப் பிடித்து அரம்போல் தேய்க்கும்.

பைஃபோல்ட் கதவுக்கு எத்தனை குதிரைத்திறன் மோட்டார் தேவை?

கணக்கு எளிது. 52 சதுர மீட்டர் கதவு, சட்டமும் தகடும் சேர்த்து 2 டன் என்று வைத்துக்கொள்வோம். மூடியிருக்கும்போது எடை மையம் பாதி உயரத்தில், 2 மீட்டரில். மடிந்த பின் ஏறக்குறைய உச்சியில். ஆக 2 டன் எடை 2 மீட்டர் ஏறுகிறது. சுமார் 39,000 ஜூல். ஒரு நிமிடத்தில் திறக்க 650 வாட். கியர்பாக்ஸ், புல்லி, கீல் உராய்வுகளில் பாதி வீணாகும் என்று கொண்டால் 1,300 வாட். 2 குதிரைத்திறன் போதும். ஐந்து, ஏழு என்று கூட்டிப் போடுவது நன்மை அல்ல. கதவு எங்காவது சிக்கினால் சிறிய மோட்டார் நின்றுவிடும். பெரியது கயிற்றை அறுக்கும்.

மின்சாரம் இல்லாத நேரத்தில்?

மோட்டாரோடு கைச்சங்கிலி இயக்கமும் கேட்டு வாங்குங்கள். ஆண்டுக்கு இருமுறையாவது அதைக் கொண்டு முழுவதும் திறந்து பாருங்கள்.

பாதுகாப்புக்கு எவற்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்?

அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடி, விட்டவுடன் நிற்கும் பொத்தான் வேண்டும். அதன் இடம், இயக்குபவரின் கண்ணுக்குத் திறப்பு முழுவதும் தெரியும் இடமாக இருக்க வேண்டும். ஒரு முறை தட்டிவிட்டுப் போகும் ரிமோட்டை இவ்வளவு பெரிய கதவுக்கு நான் எவருக்கும் சொல்லமாட்டேன். கதவு எல்லையைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச், மேல் எல்லையில் ஒன்றுக்கு இரண்டு வேண்டும். முதலாவது பழுதானால் இரண்டாவது மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். கயிறு தளர்ந்தால் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சும், மின்சாரம் போனவுடன் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக்கும் அவசியம். ஒரு கயிறு அறுந்தாலும் மற்றவை எடையைத் தாங்கும்படி கணக்கு இருக்க வேண்டும். ஆட்கள் வந்துபோக, பக்கச் சுவரில் தனிச் சிறு கதவு வையுங்கள். தீப்பிடித்தால் பெரிய கதவை நம்பி நிற்கக் கூடாது.

வெயிலால் கதவுக்கு என்ன ஆகும்?

எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் 30 டிகிரி வேறுபாடு இருந்தால் 13 மீட்டர்ச் சட்டம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும். ஓரங்களில் அந்த இடைவெளி விடாமல் இறுக்கமாகச் செய்த கதவு காலையில் ஓடும், மதியம் பிடிக்கும். வெளித்தகடு வெள்ளை அல்லது வெளிர் நிறமாக இருக்கட்டும். திசையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் வடக்கு நோக்கி வையுங்கள். மேற்குக் கதவு பிற்பகல் வெயிலையும் ஆடிக் காற்றையும் ஒருசேர வாங்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைகளுக்கு அருகே மனை இருந்தால்?

தோல் கழிவுநீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செம்பைக் கறுக்கச் செய்யும். மோட்டார் பேனலுக்குள் உள்ள செம்புத் தொடுமுனைகள் கறுத்து, சுவிட்ச் அழுத்தியும் கதவு அசையாத நிலை வரும். ரப்பர் விளிம்போடு இறுக மூடும் பெட்டியை வாங்கி, கொட்டகைக்குள் வையுங்கள். எஃகுப் பகுதிகளுக்கு ரெட் ஆக்சைடு மட்டும் போதாது. உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த கால்வனைசிங் சிறந்தது. குறைந்தபட்சம் எபாக்சி பிரைமர் வேண்டும்.

கதவின் இடுக்குகளை அடைக்க வேண்டுமா?

கட்டாயம். தூசிக்காக மட்டுமல்ல. வேகத்தை அளக்க எதிர்க்காற்றை வாங்கும் பிட்டோ குழாயில் குளவி மண் அடைத்துக் கூடு கட்டும். குழாய் அடைத்தால் வேகமானி தவறாகக் காட்டும். எலி ஒயரைக் கடிக்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கீழே ரப்பர் பட்டையும் ஓரங்களில் தூரிகைப் பட்டையும் போடுங்கள். மேலே புறா நுழையாதபடி வலை வேண்டும். அப்படி இருந்தும் பிட்டோ குழாய்க்கு உறை மாட்டாமல் விடாதீர்கள்.

உள்ளூர்ப் பட்டறையில் செய்யலாமா, வெளியூர் நிறுவனத்தில் வாங்க வேண்டுமா?

ஸ்லைடிங் கதவை நம் ஊரிலேயே செய்யலாம். ராணிப்பேட்டையில் பெல் தொழிற்சாலையையும் சிப்காட்டையும் சுற்றி வளர்ந்த பட்டறைகளில் கனமான எஃகு வேலைக்குப் பழகிய கைகள் இருக்கின்றன. ஹைட்ராலிக் கதவை, அதையே தொழிலாகச் செய்பவர்களிடம் வாங்குங்கள். பைஃபோல்ட் இரண்டுக்கும் நடுவில்: சட்டத்தை இங்கே செய்து, மோட்டாரையும் கயிற்று அமைப்பையும் வாங்கிப் பொருத்தலாம்.

பட்டறையில் பேசும்போது ஒரு வழக்கத்தைக் கவனியுங்கள். இரும்பு வேலைக்குக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்றுதான் கூலி சொல்வார்கள். எடை கூடினால் அவர்களுக்கு நட்டமில்லை. கதவுக்கோ எடை கூடுவதுதான் நோய். எனவே வரைபடத்தையும் மொத்த எடையையும் முதலில் முடிவு செய்து, அதற்கு மேல் போனால் கூலி கிடையாது என்று எழுதிக்கொள்ளுங்கள். வரைபடத்தை மூன்றாம் நபர் ஒருவர் சரிபார்ப்பது நல்லது; வி.ஐ.டி.யிலும் பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கழகத்திலும் கட்டடப் பொறியியல் துறைகள் இருக்கின்றன. பாக்ஸ் பைப்புக்கு ஐ.எஸ். 4923, வயர் ரோப்புக்கு ஐ.எஸ். 2266 முத்திரை கேளுங்கள்.

உத்தரத்தை உயர்த்தினால் அனுமதிச் சிக்கல் வருமா?

விமானத்தளத்துக்கு அருகே எழும் எந்தக் கட்டடத்துக்கும் உயர வரம்பு உண்டு. அப்துல்லாபுரம் பக்கம் என்றால் இந்திய விமான நிலைய ஆணையத்திடம் தடையின்மைச் சான்று கேட்க வேண்டியிருக்கும். அரக்கோணம் பக்கம் என்றால் கடற்படையின் ராஜாளி தளத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். கதவுக்காகக் கூட்டிய ஒன்றரை அடியையும் சேர்த்தே விண்ணப்பத்தில் உயரத்தைக் காட்டுங்கள்.

வேலை முடிந்து கதவை ஏற்றுக்கொள்ளும் முன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

விமானத்தை உள்ளே விடுவதற்கு முன், வெறும் கொட்டகையில் இருபது முறை திறந்து மூடச் சொல்லுங்கள். காலையில் பத்து, பிற்பகல் மூன்று மணி வெயிலில் பத்து. முதல் முறைக்கு முன்பும் கடைசி முறைக்குப் பின்பும் உத்தரத்தின் நடுவில் தூக்குநூல் விட்டுத் தரைவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு அளவுகளும் ஒன்றாக இல்லையென்றால் எங்கோ ஒரு போல்ட் நகர்ந்திருக்கிறது. கயிறுகளின் இழுவிசை சமமாக உள்ளதா என்பதை ஒவ்வொன்றையும் கையால் பிடித்து ஆட்டியே உணரலாம். ஒன்று மட்டும் தளர்ந்திருந்தால் அதன் எடையை அடுத்தது சுமக்கிறது. பாதித் தூக்கிய நிலையில் மெயின் சுவிட்சை அணைத்து, கதவு ஒரு விரல்கூட இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். கீழே யாரும் நிற்கக் கூடாது.

பிறகு ஆண்டுதோறும் புரட்டாசியில், மழைக்கு முன், கயிற்றில் அறுந்த இழைகள், சக்கர பேரிங், மேல் வழிகாட்டியின் போல்ட்கள், வடிகால் குழி ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். கயிற்றைப் பழைய துணியால் சுற்றிப் பிடித்து நீளவாக்கில் இழுத்தால், அறுந்த இழை இருக்கும் இடத்தில் துணி மாட்டிக்கொள்ளும். அந்தக் கயிற்றை அன்றே மாற்றிவிட வேண்டும்.